84 வயதில் தொடங்கிய தொடர்

1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' வெளிவரத் தொடங்கியபோது உ.வே.சாமிநாதையருக்கு 84 வயது முடிந்து 85 நடந்துகொண்டிருந்தது. பேரன் பெயரையே மாற்றிக் கூப்பிடுகிற வயது! அவரோ எழுபத்தைந்து வருடங்களுக்கு முன் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தையும், அங்கே நெட்டுருப் போட்ட நூல்களையும் வாரா வாரம் சொல்லிக்கொண்டே போனார்.

இந்த ஞாபகம் எங்கிருந்து வந்தது?

அந்தக் காலப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வாத்தியார் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு மிருகம், ஒரு ஊர் என்று பெயர்கள் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ஆத்திசூடி, நிகண்டு, அந்தாதி எல்லாமே மனப்பாடம்தான். ஏட்டுச்சுவடி சுலபமாகக் கிடைக்காது என்பதால் மனசே சுவடி. செய்யுளும் அதற்கு ஒத்துழைத்தது. எதுகை அடுத்த அடியைப் பிடித்து இழுத்து வரும். அந்தாதியிலோ ஒரு பாட்டு முடிகிற சொல்லிலேயே அடுத்த பாட்டு பிறக்கும்.

ஆனால் இது பாதிக் கதைதான். நாமும்தான் பள்ளியில் மனப்பாடப் பகுதி படித்தோம். பரீட்சை முடிந்த மறுநாள் அது எங்கே போயிற்று?

உ.வே.சா.வுக்குப் பரீட்சை முடியவே இல்லை. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். உரையாசிரியர்களோ எந்த நூல் என்று சொல்லாமலே மேற்கோள் தருவார்கள். இன்றுபோல் கணினியில் தேட முடியாத காலம். பாட்டு வாயில் இருந்தால்தான் அது எங்கே வருகிறது என்று பிடிபடும். 1887-இல் சீவக சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1894-இல் புறநானூறு என்று பதிப்பு வேலை நீண்டது. சிறுவயதில் படித்த செய்யுள் தள்ளாத வயது வரை தினமும் வேலை செய்துகொண்டிருந்தது.

அதற்காக அவர் ஞாபகத்தை மட்டும் நம்பிவிடவும் இல்லை. கடிதங்களையும் குறிப்புகளையும் பத்திரப்படுத்தினார். தம் பதிப்புகளில் அகராதி சேர்த்தார், எந்த நூலிலிருந்து வந்தது என்று புலப்படாத மேற்கோள்களைக்கூடப் பட்டியலிட்டார். கெட்டிக்காரர்!

செய்யுள் மனப்பாடம் செய்தால் முதுமையில் மறதி நோயே வராது என்று ஒரு மனிதரை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதே பயிற்சி பெற்ற எத்தனையோ பேர் எதையும் எழுதாமலே போய்விட்டார்கள். அவர்களில் யாருக்கு என்ன ஞாபகம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

உ.வே.சா.வுக்கும் காலம் முழுதாக வாய்க்கவில்லை. 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் காலமானார். கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியோடு நின்றுவிட்டது. பிற்பகுதியை மாணவர் கி.வா.ஜகந்நாதன் பிறகு எழுதினார். ஆனால் அந்த நாற்பது வருடத்தை அவர் வாயால் கேட்க முடியாமலே போயிற்று.