கிடை வராத வருஷம்

போன வாரம் எங்க வயல்ல ஆட்டுக்கிடை போட்டிருந்தோம். லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் காலையில எழுந்து பார்த்துட்டு, "மாமா, இவ்வளவு ஆடு யாரோடது? ஏன் நம்ம வயல்ல வந்து படுத்திருக்கு?"ன்னு கேட்டான். சென்னையில பொறந்து வளர்ந்த பையன், அவன் மேல தப்பில்லை. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவா எழுதுறேன். அவன்கிட்ட சொல்லாம விட்ட ஒரு விஷயத்தையும் சேர்த்துத்தான்.

எங்க ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே. எனக்கு மூணு ஏக்கர். சம்பா அறுத்து, உளுந்து பயறு எடுத்த பிறகு, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துலேருந்து செம்மறி மந்தைகள் வரும். மந்தையை நடத்துற பெரியவரைக் கீதாரின்னு சொல்லுவோம். பகல்ல ஆடுக தாளிலயும் வரப்பிலயும் மேயும். ராத்திரி யாரு வயல்னு பேசியிருக்கோ அங்க வலை கட்டி அடைப்பாங்க. புழுக்கையும் மூத்திரமும் நேரா மண்ணுக்குப் போகும். அப்பா காலத்துல இதுக்குக் கூலி நெல்லா அளந்தோம். இப்ப ராத்திரிக்கு இவ்வளவுன்னு பணம்.

இது உரத்துக்காக ஏற்பட்ட பழக்கம்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். உரம் நமக்கு. அவங்களுக்கு இது வறட்சியிலேருந்து தப்பிக்கிற வழி. அவங்க சீமை வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில பெய்யிற மழையில கண்மாய் நிறைஞ்சாத்தான் உண்டு. மாசி பங்குனியில புல்லு காஞ்சுடும். எங்க பக்கம் அந்த மழையோட காவிரித் தண்ணியும் சேர்ந்தது. காவிரிக்கு மழை எங்கேயோ குடகுல, ஆனி ஆடியில பெய்யுது. ஒரு மழை ஏமாத்தினா இன்னொரு மழையில விளைஞ்ச ஊருக்கு நடந்து போயிடலாம். காலை நம்பித்தான் அந்தப் பொழைப்பு.

அந்த நடைக்கே சோதனை வந்தது தாது வருஷத்துல. 1876-ல ரெண்டு மழையும் பொய்ச்சு, 1878 வரைக்கும் இழுத்த பஞ்சம். மதராஸ் மாகாணத்துல லட்சக்கணக்குல ஜனங்க செத்தாங்க. எலும்பும் தோலுமா மனுசங்க உட்கார்ந்திருக்கிற அந்தக் காலத்துப் போட்டோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஆடு மாடு செத்ததுக்கு அப்படி ஒரு போட்டோ நான் பார்த்ததில்லை. ஆனா செத்தது கொஞ்சநஞ்சமில்லை. கூரையில வேய்ஞ்ச வைக்கோலையும் ஓலையையும் உருவி மாட்டுக்குப் போட்டிருக்காங்க. சப்பாத்திக்கள்ளியை முள்ளு போக நெருப்புல வாட்டிக் கொடுத்திருக்காங்க. பஞ்ச வருஷத்துல மதராஸ் துறைமுகத்துலேருந்து கூடுதலா ஏறிப்போன சரக்கு எதுன்னு பார்த்தா, தோல். அந்தத் தோலெல்லாம் எங்கேருந்து வந்திருக்கும்னு சொல்லவே வேண்டாம்.

காவிரிப் பாசனத்தால தஞ்சாவூர் ஜில்லா மத்த ஜில்லாக்கள் அளவுக்கு அடிபடலை. அதனால பஞ்சம் பொழைக்க ஜனம் இந்தப் பக்கம் வந்துச்சு. எங்களுக்கு வழக்கமா கிடை போடுற கீதாரியோட முன்னோரும் அப்படி வந்தவங்கதான். அவர் தன் தாத்தா சொன்னதா ஒண்ணு சொல்லுவார். வர்ற வழியில ஈன்ற குட்டிகளை அன்னன்னைக்கே கழிச்சுட்டாங்களாம். பால் குடிக்க விட்டா தாய் நடக்காது. குட்டியைக் கழிச்சா தாய் நிக்கும். தாய் நின்னா அடுத்த வருஷம் குட்டி உண்டு. கேக்கறப்ப கொடுமையாத்தான் இருக்கும். ஆனா மந்தையைக் காப்பாத்துறதுன்னா இதுதான் கணக்கு.

பஞ்சத்துல ஆடு மாடு சாகுறது வெயில் காலத்துல மட்டும்னு நினைக்காதீங்க. மழை வந்த பிறகும் சாகும். எலும்பா நிக்கிற ஆடு குளிர்ந்த மழையைத் தாங்காது. புதுசா முளைச்ச இளம்புல்லை அள்ளி மேஞ்சா துள்ளுமாரி வந்து, துள்ளி விழுந்து செத்துப்போகும். மழை வந்துடுச்சுன்னு நாம சந்தோஷப்படுற நாள்லதான் கீதாரிக்குத் தூக்கம் போகும். தாது பஞ்சத்துல மழை திரும்பினப்ப, உழ மாடு இல்லாம எத்தனையோ நிலம் சும்மா கிடந்துச்சு.

பஞ்சம் முடிஞ்ச நாலே வருஷத்துல, 1882-ல, மதராஸ் வனச்சட்டம் வந்துச்சு. மேய்ச்சலுக்குப் போன மலையும் காடும் ரிசர்வ் காடாச்சு. உள்ளே போக அனுமதிச்சீட்டு, கட்டணம். காட்டைக் காக்கணும்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா வறட்சிக்குன்னு மலையடிவாரத்துல இருந்த ஒரு கதவு அப்பவே பாதி சாத்தியாச்சு. சப்பாத்திக்கள்ளியும் இல்லாமப் போச்சு. அதை ஒழிக்க 1926-ல இலங்கையிலேருந்து ஒரு பூச்சியைக் கொண்டாந்து விட்டாங்க. பிறகு வந்தது சீமைக்கருவேலம். அது நிலத்தைப் பிடிச்ச பேய்தான். ஆனாலும் ராமநாதபுரத்து ஆட்டுக்குக் கோடையில அதோட நெத்துதான் சோறு. 2022-ல காட்டுக்குள்ள மேய்ச்சலே கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. அப்புறம் அதை புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்கு மட்டும்னு திருத்துச்சு. தேனிப் பக்கத்து மலைமாட்டுக்காரங்களைக் கேட்டா மிச்சக் கதையைச் சொல்லுவாங்க. ஒவ்வொரு கதவா சாத்தச் சாத்த, மிச்சமிருந்த பெரிய வழி டெல்டா வயல்தான்.

இனி அக்கா மகன்கிட்ட சொல்லாததைச் சொல்றேன்.

2016-ல மேட்டூர் திறந்ததே செப்டம்பர் 20-ஆம் தேதி. வந்த தண்ணி கடைமடைக்கு எட்டலை. வடகிழக்குப் பருவமழையும் 62 சதவீதம் குறைவு. 140 வருஷத்துல இல்லாத வறட்சின்னு பேப்பர்ல எழுதினாங்க. 2016-லேருந்து 140-ஐக் கழிச்சுப் பாருங்க. அதே தாது வருஷம். 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கம் அறிவிச்சது. விதைச்ச சம்பா கதிர் வராமலே கருகுச்சு. நாங்களே மாட்டை விட்டு மேயவிட்டோம். அறுப்பு இல்லைன்னா தாளும் இல்லை, வைக்கோலும் இல்லை.

அந்த மாசிதான் கீதாரி வந்தார். எப்பவும் வர்ற மந்தையில பாதிகூட இல்லை. ஆட்டுக்கு முதுகெலும்பு தெரிஞ்சுது. "தம்பி, கூலி வேண்டாம். மேய்ச்சல்கூட நான் எங்கயாவது பார்த்துக்கறேன். உன் போர்ல தண்ணி மட்டும் காட்டிக்கிறேன்"னார். என் போர்ல அப்ப அரை மணி நேரம் தண்ணி வரும், அப்புறம் காத்துதான் வரும். வீட்டுக்கும் ரெண்டு மாட்டுக்கும் அதுதான். "இல்லண்ணே, முடியாது"ன்னு சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு மந்தையைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டார். கிழக்கே போயும் தண்ணி இல்லாம, வந்த விலைக்கு வித்துட்டு ஊருக்குப் பஸ் ஏறினதா பின்னாடி கேள்விப்பட்டேன். எல்லாரும் ஒரே நேரத்துல விக்கிறப்ப ஆட்டுக்கு விலை இருக்காது. மழை பெய்ஞ்சு வாங்கப் போனா யானை விலை சொல்லுவான்.

அந்த ஜனவரியிலதான் மெரினாவுல ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைங்க உட்கார்ந்தது. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா வாடிவாசல்ல நிக்கிற புலிக்குளம் காளையைப் பெத்த பசு, சிவகங்கைப் பக்கம் தொழுவம் இல்லாம கிடை கிடையா மேயிற பசு. காளைக்காக ஊரே திரண்ட அதே மாசத்துல அந்தப் பசுவுக்குப் புல்லு இல்லை.

எனக்கு அந்த வருஷம் கருகின நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபா கணக்குல நிவாரணம் வந்துச்சு. பெரிய தொகை இல்லைதான். ஆனா வந்துச்சு. கீதாரிக்கு ஏக்கரும் கிடையாது, பட்டாவும் கிடையாது. ஊர் ஊரா நடக்கிறவர் எந்த ஊர்க் கணக்குல வருவார்? பயிர் கருகினா அதிகாரி வந்து பார்க்கிறார். வழியில செத்த ஆட்டை வழியிலேயே புதைச்சுட்டு நடக்கிறவங்களுக்கு யார் வந்து கணக்கு எடுப்பா?

அடுத்த ரெண்டு வருஷமும் எங்க வயலுக்குக் கிடை வரலை. செம்மறிக்குச் சினைக்காலம் அஞ்சு மாசம்தான். ஆனா ஒரு ஈத்துக்கு அநேகமா ஒரே குட்டி. இருபது தாயை வச்சுக்கிட்டு இருநூறு ஆக்க எத்தனை வருஷம் ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. மூட்டை உரம் வாங்கி வயல்ல போட்டேன். மண்ணு இறுகிப்போச்சு.

போன வாரம் வந்த மந்தை அவர் மகனோடது. அவர் இப்ப நடக்கிறதில்லை, ஊர்ல இருக்கார். மகன் பழசை ஒண்ணும் பேசலை. நானே கேட்டேன், "அப்பா என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாரா?"ன்னு. "மன்னார்குடிப் பக்கம் போனா உங்க வயல்ல ரெண்டு ராத்திரி அடைச்சுட்டுப் போன்னுதான் சொல்லி விட்டாருண்ணே"ன்னான்.

வயல் மூலையில தூர்ந்து கிடந்த குட்டையை ரெண்டு வருஷம் முன்னாடி வெட்டி விட்டேன். சின்னக் குட்டைதான், அடுத்த வறட்சியில அதுவும் காஞ்சு போகலாம். காயிற வரைக்கும் வர்ற ஆட்டுக்குத் தண்ணி காட்டலாம்.