ரேம் விலையை யார் முடிவு செய்தார்கள்?

சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிறவர்கள் ப்ராசஸரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். கிராபிக்ஸ் கார்டு என்றால் சண்டையே நடக்கும். ரேம் மட்டும் கடைசி வரி. "மிச்சக் காசுக்கு எவ்வளவு வருதோ அதைப் போட்டுக்கலாம்" என்று முடித்து விடுவார்கள். பி.காம் படிக்கிற எனக்கு அந்தக் கடைசி வரிதான் சுவாரசியம். அதில் எலக்ட்ரானிக்ஸை விட வியாபாரம் அதிகம். 1999-லிருந்து 2003 வரை, குறைந்த பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் கட்டியவனுக்கு ரேம் விஷயத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1999-இல் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது எஸ்.டி.ரேம். பி.சி.100, பி.சி.133 என்று இரண்டு ரகம். சாம்சங், ஹூண்டாய் (பிற்பாடு ஹைனிக்ஸ்), மைக்ரான், இன்ஃபினியான் என்று பலரும் தயாரித்தார்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும், ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் இன்டெல்லுக்கு இது போதவில்லை. ப்ராசஸர் வேகமாக ஓடுகிறது, ரேம் பின்னால் மூச்சு வாங்கிக் கொண்டு வருகிறது என்பது அவர்கள் கவலை. கவலை நியாயமானதுதான். அதற்கு அவர்கள் பிடித்த ஆள்தான் வில்லங்கம்.

அந்த ஆள் ரேம்பஸ். 1990-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி. இவர்கள் ஒரு சிப் கூடத் தயாரித்ததில்லை. டிசைன் மட்டும் இவர்களுடையது. தயாரிப்பவர்கள் ஒவ்வொரு சிப்புக்கும் ராயல்டி கட்ட வேண்டும். 1996-இல் இன்டெல் இவர்களோடு கைகோத்தது. அடுத்த தலைமுறை ரேம் இதுதான், ஆர்.டி.ரேம், என்று தீர்மானமாகி விட்டது. வாங்கப் போகிறவனை யாரும் கேட்கவில்லை. (கேட்பார்களா என்ன!)

முதல் அடியே சறுக்கல். 820 என்ற சிப்செட் 1999 செப்டம்பரில் வர வேண்டியது. மூன்று ரேம் ஸ்லாட் இருந்தால் தகராறு செய்கிறது என்று கடைசி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். ஒரு ஸ்லாட்டை எடுத்துவிட்டு, இரண்டோடு நவம்பரில் வெளியிட்டார்கள். ஆர்.டி.ரேம் விலையோ எஸ்.டி.ரேமைப் போலப் பல மடங்கு. அதனால் 820 போர்டிலேயே பழைய எஸ்.டி.ரேமைப் போட வசதியாக இடையில் ஒரு மொழிபெயர்ப்பு சிப்பை வைத்துப் பார்த்தார்கள். அதிலும் கோளாறு. 2000 மே மாதம் அந்த போர்டுகளை இன்டெல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

பிறகு 2000 நவம்பர் 20 அன்று பென்டியம் 4 வந்தது. கூடவே 850 சிப்செட். இதில் ஆர்.டி.ரேம் தவிர வேறெதுவும் போட முடியாது. அதுவும் ஜோடியாகத்தான் போட வேண்டும். இன்னொரு வேடிக்கை, காலி ஸ்லாட்டைக் காலியாக விடக்கூடாது! கல்யாண வீட்டு சீரியல் செட்டில் ஒரு பல்பைப் பிடுங்கினால் வரிசையே அணையுமே, அந்த மாதிரி. சிக்னல் ஒவ்வொரு ஸ்டிக்கின் வழியாகப் போய் அடுத்ததற்குப் போகிறது. அதனால் காலி இடத்தில், மெமரியே இல்லாத ஒரு வெற்று அட்டையைச் செருக வேண்டும். விலையைப் பார்த்து மக்கள் ஓடிவிடக் கூடாதே என்று, பெட்டியில் விற்ற பென்டியம் 4-உடன் 64 எம்.பி. ஸ்டிக் இரண்டை இன்டெல்லே சேர்த்துக் கொடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வருடம் 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அதற்குச் சிபாரிசு செய்யப்பட்டதே 128 எம்.பி.தான். கொஞ்சம் கூடுதலாகப் போடலாம் என்று கிளம்பியவன் மறுபடி ஒரு ஜோடி ஆர்.டி.ரேம் வாங்க வேண்டும்.

அதே நேரம் பக்கத்துத் தெருவில் வேறு கதை. டி.டி.ஆர். என்பது எஸ்.டி.ரேமின் தம்பி. ஒரே துடிப்பில் இரண்டு முறை தகவல் அனுப்பும். ஜெடெக் என்ற தொழில்துறைப் பொது அமைப்பில் பலரும் கூடி முடிவு செய்த தரம். 2000 அக்டோபர் கடைசியில் ஏ.எம்.டி. இதற்கு சிப்செட் விட்டது. காசு குறைந்தவர்கள் அத்லான் அல்லது டியூரான் ப்ராசஸரும் பி.சி.133-உம் போட்டுக் கொண்டார்கள். கொஞ்சம் இருப்பவர்கள் டி.டி.ஆர். போட்டார்கள். இதுதான் புத்திசாலித்தனமான பட்ஜெட் முடிவு என்பது என் கட்சி. வேகத்துக்காகச் சொல்லவில்லை. பலர் தயாரிக்கிற பொருளில் ஒருவன் விலை ஏற்றினால் இன்னொருவனிடம் போகலாம், ஒரே கம்பெனியின் அனுமதியில் ஓடுகிற பொருளில் அது முடியாது.

கடைசியில் இன்டெல்லும் இறங்கி வந்தது. 2001 செப்டம்பரில் பென்டியம் 4-க்கு எஸ்.டி.ரேம் போர்டு வந்தது (பந்தயக் குதிரைக்கு மாட்டு வண்டி பூட்டிய மாதிரி இருந்தது). அடுத்த சில மாதங்களில் டி.டி.ஆர். போர்டும் வந்தது. 2003-இல் டி.டி.ஆரையே ஜோடியாகப் போடும் 865, 875 சிப்செட்டுகள் வந்தபின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆர்.டி.ரேம் கதை முடிந்தது.

பொது சந்தை ஜெயித்தது, சுபம் என்று நினைப்பீர்கள். நானும் அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் 'பலர் தயாரிக்கிறார்கள், அதனால் போட்டி' என்றேனே, அந்தப் பலர் அதே வருடங்களில் தங்களுக்குள் விலை பேசிக் கொண்டிருந்தார்கள்.

அமெரிக்க நீதித்துறையின் வழக்குப்படி 1999 ஏப்ரல் வாக்கில் தொடங்கி 2002 ஜூன் வரை டி-ரேம் தயாரிப்பாளர்கள் கூட்டு வைத்து விலையை நிர்ணயித்தார்கள். டெல், காம்பேக், எச்.பி., ஐ.பி.எம்., ஆப்பிள், கேட்வே ஆகிய 6 பெரிய வாடிக்கையாளர்களுக்கு என்ன விலை சொல்வது என்பதுதான் பேச்சு. குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்ஃபினியான் 160 மில்லியன் டாலர் (2004), ஹைனிக்ஸ் 185 (2005), சாம்சங் 300 (2005), எல்பிடா 84 (2006) கட்டின. அதிகாரிகள் சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். மைக்ரான் முதலில் போய் ஒத்துழைத்ததால் அபராதத்திலிருந்து தப்பியது. 2010-இல் ஐரோப்பிய ஆணையம் தன் பங்குக்கு 331 மில்லியன் யூரோ விதித்தது. அங்கேயும் மைக்ரானுக்கு விலக்கு. முதலில் காட்டிக் கொடுப்பவனுக்கு மன்னிப்பு என்ற விதி எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். வகுப்பில் கார்ட்டெல் பாடம் நடத்தும்போது எண்ணெய் நாடுகளை விட்டுவிட்டு இதைச் சொல்லலாம்.

ரேம்பஸும் சும்மா இருக்கவில்லை. என் சரக்கைக் கொல்லத்தான் இவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று மைக்ரான், ஹைனிக்ஸ் மீது வழக்குப் போட்டது. 2011 நவம்பரில் ஜூரி அதை ஏற்கவில்லை. ரேம்பஸ் மீதும் எனக்குப் பரிதாபம் இல்லை. ஜெடெக் கூட்டங்களில் உறுப்பினராக உட்கார்ந்துவிட்டு 1996-இல் வெளியேறி, 2000 வாக்கில் எஸ்.டி.ரேம், டி.டி.ஆர். இரண்டுக்கும் சேர்த்து ராயல்டி கேட்டவர்கள் அவர்கள்.

சரி, ஸ்டிக் வாங்கியவனுக்கு என்ன கிடைத்தது? அமெரிக்காவில் 310 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆகி, 2014-இல் பொதுமக்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். ஆளுக்குக் குறைந்தது 10 டாலராவது கிடைக்கலாம் என்று பேச்சு. ரிச்சி தெருவில் அதே கம்பெனி சிப்பை வாங்கியவருக்கு அதுவும் இல்லை. நம் போட்டிச் சட்டம் 2002-ஆம் வருடத்தது என்றாலும், கார்ட்டெலைத் தடுக்கும் பிரிவு அமலுக்கு வந்தது 2009 மே மாதம்.

அதன்பின் ஆட்கள் குறைந்தார்கள். இன்ஃபினியானின் ரேம் பிரிவு கிமோண்டா என்று தனியாகி 2009-இல் திவால். எல்பிடா 2012-இல் திவாலாகி அடுத்த வருடம் மைக்ரானிடம் போனது. இப்போது உலக டி-ரேமில் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர் கையில்.

ஸ்லாட் சண்டையும் திரும்பி வந்தது. 2021-இல் இன்டெல்லின் 12-ஆம் தலைமுறைக்கு டி.டி.ஆர்.4 போர்டும் உண்டு, டி.டி.ஆர்.5 போர்டும் உண்டு. 2022-இல் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டில் டி.டி.ஆர்.5 மட்டும். இந்த முறை அடம் பிடித்தது ஏ.எம்.டி.! பட்ஜெட் ஆட்கள் பழையபடி டி.டி.ஆர்.4 பக்கம் ஒதுங்கினார்கள். ஆனால் 2025-இல் தயாரிப்பாளர்கள் டி.டி.ஆர்.4-ஐக் குறைக்கத் தொடங்க, ஒதுங்கிய இடத்திலேயே விலை எகிறியது. அதனால் என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது: முதலில் ரேம் விலையைக் கேளுங்கள், பிறகு அதற்கேற்ற போர்டு. ஒரே 16 ஜி.பி.யை விட இரண்டு 8 ஜி.பி. வேகம் தரும். ஆனால் போர்டில் இரண்டே ஸ்லாட் என்றால், பின்னால் கூட்டும்போது இரண்டையும் கழற்ற வேண்டி வரும். மேலே கலர் லைட் வேண்டவே வேண்டாம்.

ஸ்டிக்கில் 'குரூஷியல்' என்ற பெயரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். அது மைக்ரானின் சொந்தக் கடைச்சரக்கு. ஏ.ஐ. சர்வர்களுக்கான மெமரிக்குத்தான் தேவை அதிகம் என்று, 2025 டிசம்பரில் அந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் அறிவித்தது.