குனியும் கை, ஊன்றும் கால்

பொம்மையார்பாளையத்தில் நாய்களைப் பார்க்க நல்ல நேரம், படகுகள் கரையேறும் காலைப்பொழுது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து குப்பத்துக்குள் இறங்கி, அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் நின்றால் போதும். வலை உதறும் இடத்தில் சிதறும் பொடிமீனுக்காக நாலைந்து நாட்டு நாய்கள் அந்தக் கற்களின் வழியே இறங்கும். அவை அவசரப்படுவதில்லை. முன்கால் எந்த விளிம்பில் ஊன்றியதோ, பின்கால் அங்கேயே வந்து ஊன்றும். சாலைக்கு மேற்கே உள்ள வீடுகளிலிருந்து கழுத்துப்பட்டையோடு நடைக்கு வரும் லாப்ரடார் அதே கற்களின் முன்னால் வந்ததும் நின்றுவிடுகிறது. நின்று, கூட வந்தவரின் முகத்தை அண்ணாந்து பார்க்கிறது.

ஒன்று கல்லைப் பார்க்கிறது, இன்னொன்று முகத்தைப் பார்க்கிறது. அஜிலிட்டி என்னும் தடைதாண்டும் ஓட்டத்துக்கான அடிப்படைப் பயிற்சிகளை இந்த இரண்டு நாய்களுக்கும் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரை. பயிற்சிகளின் பட்டியல் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு பயிற்சியும் செய்யும் வேலை நாய்க்கு நாய் வேறு.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக. 1978 பிப்ரவரியில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே இருந்த வெற்று நேரத்தை நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது. ஜான் வார்லி என்ற குழு உறுப்பினர் குதிரைகளின் தடைதாண்டும் போட்டியை மனத்தில் வைத்து யோசனை சொல்ல, பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளர் அதைக் களமாக அமைத்தார். 1980இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் அதை முறையான விளையாட்டாக ஏற்றது. தாண்டும் கம்பிகள், சுரங்கக் குழாய், ஏ வடிவச் சாய்வு, உயர நடைப்பலகை, சீசா, 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட 12 கம்புகளுக்குள் வளைந்து வளைந்து ஓடுவது ஆகியவை களத்தில் இருக்கும். நடைப்பலகையின் அகலம் 30 சென்டிமீட்டர். அதன் அடிப்பகுதியில் 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு வேறு நிறம் பூசியிருப்பார்கள்; இறங்கும் நாயின் ஒரு பாதமாவது அங்கே பட வேண்டும். நாய் தனியாக ஓடுவதில்லை. மனிதர் கூடவே ஓடி, கையாலும் தோளாலும் குரலாலும் அடுத்த தடை எது என்று காட்டிக்கொண்டே போவார்.

சர்வதேச அமைப்பான எஃப்சிஐயின் போட்டிகளில் 18 மாதம் நிரம்பாத நாய்க்கு இடமில்லை. குட்டியின் எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கு, பெரிய இனங்களில் ஒன்றேகால், ஒன்றரை ஆண்டு ஆகும். அதற்கு முன் உயரம் தாண்டினால் சேதம் ஆயுளுக்கும் நிற்கும். ஆகவே அந்த மாதங்களில் செய்வதெல்லாம் தரைமட்டத்துப் பயிற்சிகள்: மூக்கால் உள்ளங்கையைத் தொடுவது, தாழ்ந்த மணையில் முன்கால்களை வைத்துப் பின்கால்களால் சுற்றி வருவது, தரையில் கிடத்திய ஏணியின் படிகளுக்கிடையே நடப்பது, தரைப்பலகையின் நுனியில் நிற்பது, நட்ட கம்பைச் சுற்றித் திரும்புவது, சொல்லும்வரை காத்திருப்பது, துணியைக் கடித்து இழுத்து விளையாடுவது. இவற்றில் ஒரு பாதி நாய்க்குத் தன் காலை அறிமுகப்படுத்துகிறது. மறுபாதி நம்மை அறிமுகப்படுத்துகிறது.

பலரும் பின்பற்றும் பயிற்சிமுறைகள் வீட்டில் வளர்ந்த குட்டியை மனத்தில் வைத்தவை. அந்தக் குட்டிக்கு நம்மைத் தெரியும், கால்தான் தெரியாது. பொம்மையார்பாளையத்து நாயின் நிலை நேர்மாறானது.

இந்த வேறுபாடு குட்டிப் பருவத்திலேயே தொடங்குகிறது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965இல் நூலாக்கினார்கள். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதைப் பழகுகிறதோ அது அதற்கு இயல்பாகிவிடும் என்பது அவர்களின் முடிவுகளில் ஒன்று. நம் ஊரில் லாப்ரடார் குட்டியை ஏறத்தாழ 45 நாளில் வாங்கி வருகிறோம். தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே விடுவதில்லை. நோய்க்கு அஞ்சி அப்படிச் செய்வது நியாயமே. ஆனால் அந்தப் பொன்னான வாரங்கள் வழுவழுப்பான டைல்ஸ் தரையில் கழிந்துவிடுகின்றன. அதே வாரங்களில், கவிழ்த்த படகின் நிழலில் பிறந்த குட்டி ஈர மணல், கயிற்றுச் சுருள், வலைக்குவியல், ஐஸ் பெட்டி, டீசல் எஞ்சினின் இரைச்சல் எல்லாவற்றையும் பழகிவிடுகிறது. மனிதரையும் பழகுகிறது, ஆனால் பத்தடி தள்ளி நின்று.

அந்தப் பத்தடியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் தெருக்களில் வளர்ந்த எந்த நாயின் முன்னும் சட்டென்று குனிந்து பாருங்கள். ஓடிவிடும். உங்கள் கையில் கல் இருக்க வேண்டியதில்லை. குனிவதே அதற்குக் கல். கையை உயர்த்துவது எறிவது. பின்னால் ஓடிவருவது துரத்துவது. அஜிலிட்டியில் கூட ஓடுகிறவர் செய்வதெல்லாம் என்ன? குனிகிறார், கையை வீசுகிறார், நாயின் பக்கவாட்டிலும் பின்னாலும் ஓடுகிறார். இந்த விளையாட்டின் மொழி முழுவதும் கரையோர நாயின் அகராதியில் ஆபத்து என்றே எழுதியிருக்கிறது. லாப்ரடாருக்கு உயரும் கை பந்து எறியப்போகும் கை.

இதை அறிவுக்குறைவு என்று நினைப்பவர்கள் கொல்கத்தாவுக்கு அருகே ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களிடம் செய்துவரும் ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். 2020இல் வெளியான ஆய்வில் 160 தெருநாய்களின் முன் இரண்டு கிண்ணங்களை வைத்து, ஒன்றைக் கையால் சுட்டிக் காட்டினார்கள். ஏறக்குறையப் பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, விரல் காட்டிய கிண்ணத்துக்கே போயின. எந்தப் பயிற்சியும் பெறாத நாய்கள் அவை. புரிதல் ஏற்கெனவே இருக்கிறது. குறைவது கிட்ட வரும் துணிவுதான். இதே குழு 2017இல் இன்னொன்றைக் காட்டியது: அறிமுகமில்லாத மனிதர் திரும்பத் திரும்ப வரும்போது, உணவு தந்தவரைவிடத் தடவிக்கொடுத்தவரிடமே தெருநாய்கள் கூடுதலாக நெருங்கின. எனக்கு இந்த இரண்டு ஆய்வுகளும் எந்தப் பயிற்சிக் கையேட்டையும்விடப் பெரியவை.

ஆகவே கைதொடல் பயிற்சியை இப்படி ஒப்பிடலாம். லாப்ரடாரிடம் உள்ளங்கையை நீட்டினால் முதல் நாளே மூக்கு வந்து ஒட்டும். சில நாளில் அதை ஓட்டத்தில் திருப்பங்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிடலாம். அங்கே அது திசைகாட்டும் கருவி. கரையோர நாயிடம் முதல் வாரம் கையை நீட்டவே கூடாது. முகம் கொடுக்காமல், பக்கவாட்டில் மணலில் உட்கார்ந்து, அவித்த முட்டைத் துண்டையோ முள் நீக்கி அவித்த சூரைமீனையோ அதற்கு அப்பால் போட வேண்டும். (கருவாடு வேண்டாம். உப்பு அதற்கு ஆகாது.) தின்ன விலகிப் போகும், தானாகத் திரும்பி வரும். விலகிப் போக வழி இருந்தால்தான் திரும்பி வர மனம் வரும். பிறகு குனிந்தால் உணவு, கை அசைந்தால் உணவு என்று ஒவ்வொன்றாக அதன் அகராதியை மாற்றி எழுத வேண்டும். ஒருநாள் மூக்கு கையில் படும். அதற்குப் பத்து நாளும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாக வேண்டும். அதில் சலுகை இல்லை.

இனி கால். மணைமேல் சுற்றும் பயிற்சி லாப்ரடாருக்கு உண்மையிலேயே பாடம். முன்கால்கள் மணையில் இருக்க, பின்கால்கள் எங்கே போவதென்று தெரியாமல் உடம்பு முழுவதும் கீழே இறங்கிவிடும். பின்னால் இரண்டு கால் இருப்பதை அது கண்டுபிடிக்கும் நிமிடம் பார்க்க அழகானது. ஏணி நடையும் தாழ்ந்த கம்பு வரிசையும் அப்படியே. கம்பு வரிசைக்கு இத்தாலியப் பெயரான கவலெட்டி என்றே இன்றும் பெயர், குட்டிக் குதிரைகள் என்று பொருள். அதுவும் குதிரைப் பயிற்சியிலிருந்து வந்ததுதான்.

கரையோர நாய்க்கு இந்தப் பாடம் தேவையில்லை. மணலில் ஏணியைக் கிடத்தியிருந்தபோது மீன்கூடையோடு போன ஓர் அம்மா நின்று கேட்டார்: "தம்பி, அது கல்லுமேலயே ஏறி எறங்குது. அதுக்குப் போயி ஏணி எதுக்கு?" "ஏறத் தெரியும்மா. என் பக்கத்துல நிக்கத்தான் தெரியல" என்றேன். அதன் காலுக்குக் கற்றுத்தர ஏணியிடம் ஒன்றும் இல்லை. தனக்குச் சுலபமான வேலை ஒன்றை மனிதரின் முழங்காலுக்குப் பக்கத்தில் செய்வது, மணையில் சுற்றும்போது ஒரு கணம் மனிதருக்கு முதுகு காட்டுவது, இவையே அது அங்கே கற்கும் பாடம். முதுகு காட்டுவது அந்த நாய்க்கு எத்தனை பெரிய காரியம் என்பது, ஆளைக் கண்டதும் சுவரோரமாக ஒதுங்கிப் போகும் நாய்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பலகையில் விஷயம் இன்னும் சுவையானது. லாப்ரடார் 30 சென்டிமீட்டர் பலகையில் தயங்கித் தயங்கி நடக்கும். அதனாலேயே நுனிவரை வந்து இறங்கும், நிறம் பூசிய பகுதி தவறுவதில்லை. நாட்டு நாய் பலகையில் ஓடும். பாதியிலேயே, படகின் விளிம்பிலிருந்து குதிப்பது போல, தரைக்குத் தாவிவிடும். அதன் திறமையே இங்கே பிழையாகிறது. எனவே பின்கால்கள் பலகையிலும் முன்கால்கள் தரையிலுமாக நிற்கும் பயிற்சியை லாப்ரடாருக்கு ஒரு பழக்கமாகவும், இதற்கு ஓர் ஒப்பந்தமாகவும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

தாண்டும் கம்பி விஷயத்தில் நாட்டு நாயின் பக்கமே நியாயம் இருக்கிறது. திறந்த மணலில் நடுவே நிற்கும் கம்பியை எதற்குத் தாண்ட வேண்டும்? சுற்றிப் போகலாம், அடியில் நுழையலாம். சுதந்திரமாகத் திரியும் விலங்கு வலுவை வீணாக்குவதில்லை. லாப்ரடார் தாண்டுவதற்கும் கம்பி காரணமில்லை. அந்தப் பக்கம் நிற்கும் மனிதர்தான் காரணம். ஆனால் அதன் உடம்பைக் காக்க வேண்டும். வளர்ந்த ஆண் லாப்ரடார் 30 கிலோவைத் தாண்டும், இடுப்பு மூட்டுக் கோளாறு அந்த இனத்தில் பரவலானது, இறங்கும்போது பாரமெல்லாம் முன்கால்களில் விழும். தரையில் கிடத்திய கம்பிலிருந்து தொடங்கி மாதக்கணக்கில் மெல்ல உயர்த்த வேண்டியது அதற்குத்தான். நாட்டு நாய்க்கு உயரம் பிரச்சினை இல்லை. தாண்ட ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணமாக நாம் ஆக வேண்டும்.

வளைவுக் கம்புகளில் இரண்டும் சமம். எந்த நாயும் இயற்கையில் அப்படி ஓடுவதில்லை. கற்பிக்கும் முறைகளில் இரண்டைச் சொல்லலாம். கனடாவின் சூசன் காரெட் பரப்பிய முறையில் இரண்டிரண்டு கம்புகளாக நட்டு, நாயே வழியை ஊகித்துக் கண்டுபிடிக்க விடுவார்கள். இன்னொன்றில் இரு வரிசைக் கம்புகளுக்கு நடுவே சந்து போல வழிவிட்டு, நாளுக்கு நாள் ஒடுக்குவார்கள். ஊகிக்க விடும் முறை விரைவானது, அறிவுக்கும் விருந்து. லாப்ரடாருக்கு அதையே சொல்வேன். ஆனால் தவறான ஊகத்துக்குக் கல்லடி பட்டு வளர்ந்த நாய் ஊகிக்கவே அஞ்சும். ஒன்றும் செய்யாமல் நிற்பதே அதற்குப் பாதுகாப்பு. அதற்குச் சந்து முறைதான்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980களின் இறுதியில் எழுந்து, வடக்கே நகரும் மணலை மறித்ததிலிருந்து இந்தக் கரை ஒடுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மிச்சமிருக்கும் மணலில் முதல் உரிமை படகுக்கும் வலைக்கும். காலை வேலை முடிந்து, வெயில் ஏறுவதற்குள், அலை நனைத்து இறுகிய மணல்தான் பயிற்சிக்கு ஏற்றது. காய்ந்த மணலில் கால் புதைந்து தசைநாண் இழுபடும், பத்து மணிக்கு மேல் பாதமும் சுடும். மரக்காணம் உப்பளப் பாத்திகளின் வரப்பைப் பார்த்தால் நடைப்பலகை போலவே தோன்றும். அங்கே நாயைக் கொண்டுபோக வேண்டாம். அது பிறர் உழைப்பில் விளையும் உப்பு. செறிந்த உப்புநீர் நாயின் பாதத்தையும் அரிக்கும். ஒரு சாரப்பலகையும் இரண்டு பிவிசி குழாயும் வீட்டு மணையும் போதும். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும்.

எஃப்சிஐ உலகச் சாம்பியன் போட்டியில் வம்சச் சான்று பெற்ற நாய்களுக்கே இடம். 2011இல் தொடங்கிய வேர்ல்ட் அஜிலிட்டி ஓப்பன் எல்லா நாய்களுக்கும் திறந்திருக்கிறது. கரையோர நாய் அங்கெல்லாம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாரப்பலகையின் நுனியில், பின்கால்கள் மரத்திலும் முன்கால்கள் ஈர மணலிலுமாக அது நிற்கிறது. கை குனிந்து வருகிறது. அலை ஒன்று வந்து அதன் முன்பாதங்களை நனைத்துப் போகிறது. காது பின்னால் மடிகிறது, கால் மட்டும் நகரவில்லை.