ஜாக்கி தூக்கும், முட்டு தாங்கும்

செஞ்சிக் கோட்டையில ராஜகிரி உச்சிக்கு ஏறினவங்களுக்குத் தெரியும். ஏறத்தாழ 800 அடி. மூச்சு வாங்கி, முட்டி கழண்டு மேல போனா அங்க ஒரு பீரங்கி படுத்திருக்கும். வெறும் தண்ணி பாட்டிலோட ஏறுறதுக்கே நமக்கு நாக்கு தள்ளுது, இந்த இரும்பை எப்படி ஏத்தியிருப்பாங்கன்னு கேட்காத ஆளே இருக்க முடியாது. போகிற வழியில் பாறைப் பிளவு ஒன்று, அதன் மேல் மரப்பாலம் வேறு.

எஞ்சின் இல்லாத காலத்தில் கனத்தைக் கையாண்டவர்கள் எல்லாருக்கும் வழி ஒன்றுதான். கடப்பாரையால் ஒரு விரல்கடை நெம்பு, அந்தச் சந்தில் ஒரு கட்டையைச் செருகு. மறுபடி நெம்பு, மறுபடி செருகு. நெம்புறவன் கை எந்த நொடி வழுக்கினாலும் கனம் ஒரு விரல்கடைக்கு மேல் இறங்கக் கூடாது. எங்க ஊர்ப் பக்கம் பாறை உடைக்கிறவங்க இன்னைக்கும் இப்படித்தான் செய்றாங்க. தூக்குறது வேற, தாங்குறது வேற. இந்த ஒரு வரிதான் இந்தப் பதிவு முழுக்க. ஆனா இது எனக்குப் புரிஞ்சது கோட்டையில இல்லை, மாமா வீட்டு ஷெட்ல, ஒரு பழைய ராணுவ ஜீப்புக்கு அடியில.

முதல்ல ஜீப்போட கதையைச் சொல்லிடறேன்.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் சின்னதாக, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று வேண்டும் என்று 135 கம்பெனிகளுக்கு எழுதியது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த அவகாசம் 49 நாள். எடை வரம்பு 1,300 பவுண்டு, அதாவது 590 கிலோ. நம்ம ஊர் மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றினாலே அதைத் தாண்டிடும்! பாண்டம் என்ற சின்ன கம்பெனி, கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற எஞ்சினியரை வைத்து வரைந்து, 1940 செப்டம்பர் 23ஆம் தேதி வண்டியைக் கொண்டு போய் நிறுத்தியது. எடை வரம்பைவிட நல்லாவே கூட. அங்கே நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். ஆஜானுபாகுவான குதிரைப்படை அதிகாரி ஒருத்தர், பள்ளத்தில் விழுந்தால் ரெண்டு பேர் தூக்கிவிட முடிந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, பின்பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கிப் பார்த்தாராம். எடைப் பேச்சு அதோடு அடங்கியதாம்.

அப்புறம் வரம்பு 2,160 பவுண்டாக உயர்ந்தது. வில்லிஸ் கம்பெனி வண்டி அதையும் 263 பவுண்டு தாண்டியது. டெல்மர் ரூஸ் என்ற அவர்களுடைய எஞ்சினியர் வண்டியைப் பிரித்துப் போட்டு, நீளமான போல்ட்டுகளை வெட்டி, பெயின்ட்டைக் கூட ஒரு பூச்சோடு நிறுத்தி, வரம்புக்குள் கொண்டு வந்தார். இப்படிப் பிறந்ததுதான் வில்லிஸ் எம்பி. அதே வரைபடத்தில் ஃபோர்டும் செய்தது. இரண்டு கம்பெனியும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேல். கடைசியில் நின்ற எடை சுமார் 1,100 கிலோ.

போர் முடிந்ததும் இங்கே அமெரிக்கர்கள் விட்டுப் போனவை டிஸ்போசலில் விலைக்குப் போயின. 1940களின் கடைசியில் மஹிந்திரா, வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. 1948ல் பழைய ராணுவ ஜீப்புகளை வெளிநாட்டில் வாங்கிய விவகாரம், சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாராகப் பாராளுமன்றம் வரை போனது தனிக்கதை. காடு, கரம்பு, வேர்க்கடலை மூட்டை, தேர்தல் பிரச்சாரம் என்று எல்லாத்துக்கும் உழைத்த வண்டிகள் ஒவ்வொன்றாய் ஷெட்டில் ஒதுங்கின. அதில் ஒன்று மாமாவிடம் வந்தது.

இப்ப மேட்டருக்கு வர்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா பின்சக்கரத்தைக் கழட்டி பிரேக் பார்க்கணும்னார். ஷெட் தரை மண் தரை, வாசல் பக்கம் லேசா சரிவு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, அச்சுக்கு அடியில் எண்ணெய் ஜாக்கி வைத்து ஏற்றியாச்சு. பக்கத்துல ஒரு வயசான மேஸ்திரி, மாமாவுக்குப் பழக்கம். கழட்டின சக்கரத்தை உருட்டிக்கிட்டு வந்து சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டார். மேல ஸ்டெப்னியையும் அடுக்கினார்.

"எதுக்கு மேஸ்திரி இது, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேனே?" என்றார் மாமா.

"இருக்கட்டும் சாமி. ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு இன்னா வச்சிருக்கீங்க?"

நான் கிரீஸ் கன்னோட அடியில் பூர குனிஞ்சேன். பாதி உடம்பு கூட உள்ள போகலை. வண்டி ஒரு சாண் முன்னால நகர்ந்தது. அவ்வளவுதான், ஜாக்கி சாய்ஞ்சது. மொத்தப் பின்பக்கமும் அந்த ரெண்டு டயர் மேல உட்கார்ந்தது. பெரிய சத்தம் கூட இல்லை, பொத்துனு ஒரு சத்தம். அந்த டயர் இல்லைன்னா இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மாமா ஹேண்ட் பிரேக்கைப் போய்ப் பார்த்தார். இறுக்கமாத்தான் இருந்தது. அப்ப எப்படி நகர்ந்தது?

பதில் 1940களின் வடிவமைப்பிலேயே இருக்கு. நம்ம காரில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும். இந்த ஜீப்பில் அது சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின்னச்சுக்குப் போகிற ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டில் ஒரே ஒரு டிரம். ரெண்டு சக்கரமும் தரையில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒன்றைத் தூக்கினீங்கன்னா கதை மாறிடும். ஷாஃப்ட் நின்னாலும் டிஃபரென்ஷியல் வேலை செய்யும். தரையில் இருக்கிற சக்கரம் முன்னால உருண்டா, அந்தரத்தில் இருக்கிறது பின்னால சுத்தும். பிரேக் ஒழுங்காப் பிடிச்சிருக்கும், வண்டி ஜாலியா நகரும்! 1948ல் வந்த பழைய லேண்ட் ரோவர்களிலும் இதே ஏற்பாடுதான்.

அதனால அன்னையிலிருந்து எங்க ஷெட்ல ஒரு ஒழுங்கு. பழைய ஜீப் வச்சிருக்கிறவங்க குறிச்சுக்குங்க.

தரையில் நிற்கப்போகிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொடுறது. செஞ்சியில் கல்லுக்கா பஞ்சம்? ஆனா உருண்டைக் கல் கூடாது, ஆப்பு மாதிரி வெட்டின கட்டை நல்லது. பின்பக்கம் தூக்கும்போது நாலு சக்கர லீவரையும் போட்டுவிட்டா, அந்த ஒரே ஹேண்ட் பிரேக் முன்னச்சையும் சேர்த்துப் பிடிக்கும். மண் தரையில் ஜாக்கி புதையும், அடியில் தடிமனான பலகை போடணும்.

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே இளக்கிடணும். இங்கேயும் ஒரு சங்கதி. எம்பியின் இடப்பக்க நட்டுகளுக்கு இடது மரை, கழட்ட வலமாகச் சுத்தணும். தெரியாம ஜாக்கி மேல நிக்கிற வண்டியில ஸ்பானரை மிதிச்சு மல்லுக்கட்டினா, நட்டு இறுகும், வண்டி கவிழும். போர்க்கால ரிம் ரெண்டு பாதியாக போல்ட் போட்டுப் பூட்டியிருக்கும். சக்கரத்தைக் கழட்டுற அஞ்சு நட்டு வேற, ரிம்மைச் சேர்த்துப் பிடிக்கிற எட்டு வேற. காத்து இருக்கும்போது அந்த எட்டில் கை வைச்சா ரிம் வெடிச்சுப் பிரியும்.

டிஃபரென்ஷியல் குண்டுக்கு அடியில் ஜாக்கி வைக்கிறது வசதியாத் தெரியும். ஆனா அது நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி இருக்கு. அங்க தூக்கினா வண்டி ஒரு பக்கம் சாயும். ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் அச்சுக் குழாய்தான் சரியான இடம். பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு ஸ்டாண்ட் வச்சு, ஜாக்கியை இறக்கி, கனம் முழுக்க ஸ்டாண்ட் மேல உட்கார்ந்ததும் வண்டியைக் கையால் ஆட்டிப் பார்க்கணும். ஆடினா அடியில் போகாதீங்க. செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், சொல்லாம கொள்ளாம நொறுங்கும். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கு, சாய்ச்சா ஒழுகுதான்னு ஒரு பார்வை. எல்லாத்துக்கும் மேல, சேஸிஸுக்கு அடியில் ஒரு ஸ்டெப்னி.

எண்ணெய் ஜாக்கி மேல எனக்குக் கோபம் இல்லை. 1795ல் ஜோசப் பிராமா நீர் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1851ல் ரிச்சர்ட் டட்ஜன் அதைக் கையில் தூக்குகிற ஜாக்கியாக்கினார். ஒத்தை ஆள் டன் கணக்கில் தூக்குறது சின்ன விஷயமா? ஆனா அந்தக் கனம் ஒரு ரப்பர் வாஷரையும் ஒரு வால்வையும் நம்பி நிற்குது. அது தூக்கப் பிறந்தது, காவல் காக்க இல்லை.

ரெண்டு பேர் தூக்கிவிடலாம் என்ற பெருமையோடு பிறந்த வண்டி இது. அந்தப் பேச்சுதான் நம்மை ஏமாத்துது. பள்ளத்திலிருந்து தூக்கிவிட நாலு பக்கமும் ஆள் நிப்பாங்க. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் அடியில் கிடக்கிறவன் ஒத்தை ஆள்.

மேஸ்திரி இப்ப இல்லை. மாமா வண்டியை வித்துட்டார். ராஜகிரி மேல அந்தப் பீரங்கியைப் பார்க்கும்போதெல்லாம், கடப்பாரை பிடிச்சவனை விட, சந்தில் கட்டையைச் செருகினவனைத்தான் நினைச்சுக்குவேன். அவன் பேரை யாரும் கல்லில் வெட்டலை. ஆனா கூட வந்தவங்க வீடு திரும்பினது அவனால்தான்.

பி.கு: உங்க வீட்டு ஷெட்டிலும் பழைய ஜீப் இருந்தா, இன்னைக்கே ரெண்டு ஸ்டாண்ட் வாங்கி வைங்க. அது வர்ற வரைக்கும் அடியில பூராதீங்க, கிரீஸ் ஒரு வாரம் காத்திருக்கும்.