கேஸட்டில் ஒரு கொலை வரிசை

தமிழில் கொலைப்படத் தொடர் என்று ஒன்று இல்லை. அமெரிக்காவில் ஜான் கார்ப்பென்டர் 1978இல் எடுத்த ‘ஹாலோவீன்’, 2022 வரை பதின்மூன்று படங்களாக நீண்டது. 1980இல் தொடங்கிய ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ 1989க்குள்ளேயே எட்டுப் படங்களாகிவிட்டது. ஒரு கத்தி, முகம் தெரியாத ஒருவன், ஒவ்வொருவராகச் சாகும் இளம் வயதினர், கடைசியில் மிஞ்சும் ஒரு பெண். இந்த வகையின் இலக்கணம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இதே காலத்தில் இங்கேயும் கத்தி இருந்தது. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘ஹாலோவீன்’ வெளிவந்த அதே 1978 அக்டோபரில் வந்தது. ஒன்றைப் பார்த்து மற்றது எடுக்கப்பட்டிருக்க வழியில்லை. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ 1980இல். மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ 1984இல். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து உருவாக்கி, அரவிந்த்ராஜ் இயக்கிய ‘ஊமை விழிகள்’ 1986இல். எட்டு ஆண்டுகளில் நான்கு படங்கள், நான்கு டைரக்டர்கள். இவற்றை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும் என்று நம் விமர்சனத்துக்குத் தோன்றவில்லை. வரிசைப்படுத்தியவர் வீடியோ கடைக்காரர். ஒரே தட்டில், முதுகு தெரிய, பக்கத்தில் பக்கத்தில் அவர் அடுக்கி வைத்ததுதான் தமிழில் இந்த வகைக்குக் கிடைத்த முதல் வரையறை என்று எனக்குப் படுகிறது.

அந்தத் தட்டின் சரித்திரம் சிறியது. 1982இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியோடு இந்தியாவுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதன் பின்னாலேயே வீடியோ பரவியது. சிங்கப்பூர், வளைகுடா போய் வந்தவர்களின் பெட்டிகளிலும், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் சென்னையில் கடை போட்ட பர்மா பஜாரிலும் ‘டெக்’ கிடைத்தது. வாங்க வசதியில்லாதவர்கள் டி.வி.யையும் டெக்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று விடிய விடிய மூன்று நான்கு படம். ஒன்று சாமி படம், ஒன்று சிரிப்புப் படம், குழந்தைகள் தூங்கிய பிறகு போடுவதற்கு ஒன்று. அந்தக் கடைசி ஒன்றுதான் என் விஷயம்.

சட்டம் சற்றுத் தாமதமாக வந்தது. 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, வீடியோ கேஸட்டில் தணிக்கைச் சான்றிதழும் தயாரித்தவர் பெயர், விலாசமும் இருக்க வேண்டும் என்றார்கள். என்னிடம் உள்ள கேஸட்டுகளில் பாதிக்கு மேல் இந்த விவரம் எதுவும் இல்லாதவை. பின்னால் 2004இல் தமிழ்நாட்டில் திருட்டு வீடியோக்காரர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது கேஸட்டின் காலமே முடிந்திருந்தது. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் முப்பது ரூபாயை ஒட்டிய விலையில் வட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வாடகைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்படி மூடிய ஒரு கடையின் மிச்சத்தைத்தான் நான் எடைக்கு வாங்கினேன். டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபூனாய் 2016இல் அதை நிறுத்திவிட்டது. இனி என் அலமாரியின் ஆயுள், என்னிடம் உள்ள பழைய டெக்கின் ஹெட் தேயும் வரை.

முட்டுக்காட்டில் கேஸட் சேர்ப்பது புத்திசாலித்தனமான காரியம் அல்ல. கிழக்கே கடல், மேற்கே கழி. இரண்டுக்கும் நடுவில் வீடு. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி ஒரு வருஷத்தில் செதில் விடுகிறது. காந்த நாடாவின் ஓரத்தில் வெள்ளை நூல் மாதிரி பூசணம் பிடிக்கிறது. அதை அப்படியே டெக்கில் போட்டால் நாடாவும் போகும், ஹெட்டும் போகும். தகர டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வைக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு எதைக் காப்பாற்றுகிறேன் என்ற கேள்வி நியாயமானது. நல்ல பிரதிகள் வட்டில் உண்டு, இணையத்தில் உண்டு.

முதலில் கேஸட்டுக்கு எதிரான வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘ஊமை விழிகள்’ ஸ்கோப் படம். திரையின் அகலம் உயரத்தைப் போல் ஏறக்குறைய 2.35 மடங்கு. பழைய டி.வி.யின் அகலம் 1.33 மடங்குதான். டி.வி.யை நிரப்புவதற்காக இரு ஓரங்களையும் வெட்டினால் மிஞ்சுவது நூற்றுக்கு ஐம்பத்தேழு. என் பிரதியில் ஒருவர் பேசுகிறார், கேட்பவரின் மூக்கு நுனி மட்டும் தெரிகிறது. எங்கள் வங்கி கவுண்ட்டருக்கு வரும் கிழிந்த நோட்டுக்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழு மதிப்பு, நாற்பதிலிருந்து எண்பது வரை பாதி மதிப்பு. அந்த விதிப்படி என் ‘ஊமை விழிகள்’ பாதிப் படம். பயத்தை வெற்றிடத்தால் உண்டாக்கும் ஒரு படத்தில் வெற்றிடத்தையே வெட்டி எறிந்திருக்கிறார்கள். உருவத்தைப் பற்றிப் பேசுகிற எவனும் கேஸட்டைப் பிரதியாக வைத்து அந்தப் படத்தை விமர்சிக்க முடியாது.

ஆனால் வாடகைக் கேஸட்டில் இருப்பது படம் மட்டும் அல்ல. படத்தை நிறுத்திவைத்துப் பார்க்கும்போது நாடா நகராது, ஹெட் மட்டும் அதே இடத்தில் சுழன்று தேய்க்கும். திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்த இடத்தில் பூச்சு உதிர்ந்து, திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடும். பார்த்தவர்களின் பசி எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. என் ‘சிகப்பு ரோஜாக்கள்’ பிரதியில் கோடுகள் ஸ்ரீதேவி உண்மையைக் கண்டறியும் இடத்தில் இல்லை, துரத்தலில் இல்லை. முன்பாதியில், ஒரு பெண் படுக்கையிலிருந்து பிணமாக மாறும் இடத்தில் இருக்கின்றன. முகம் தெரியாத ஒரு நூறு வீடுகள் சேர்ந்து அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.

இங்கே அந்தப் படத்தையே கவனிக்க வேண்டும். கமல்ஹாசன் ஏற்ற திலீப் பெண்களை அழைத்து வந்து கொன்று தோட்டத்தில் புதைக்கிறான். மேலே ரோஜாச் செடி. இவை படமாகப் பதிவு செய்யப்படுகின்றன. அவனுடைய வளர்ப்புத் தந்தை வீட்டுக்குள் உட்கார்ந்து அவற்றைப் போட்டுப் பார்க்கிறார். மைக்கேல் பவல் 1960இல் எடுத்த ‘பீப்பிங் டாம்’ படத்திலும் கொலைகாரன் கொலையைப் படம் பிடிக்கிறான். ஆனால் அங்கே பிடிப்பவனே பார்ப்பவன். பாரதிராஜா பார்ப்பவனைத் தனியாகப் பிரித்து, வயதும் வசதியும் சாய்வு நாற்காலியும் கொடுத்து வீட்டில் உட்கார வைத்தார். தமிழ் வீடுகளுக்கு டெக் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே! தமிழ் சினிமா கண்ட முதல் வீட்டு வீடியோ சேகரிப்பாளர் அந்தக் கிழவர்தான். அவர் கையில் கத்தி இல்லை. கத்திக்குத் தேவையை உண்டாக்குகிறவர் அவர். நாடாவில் கோடு விழ வைத்தவர்களுக்கும் அவருக்கும் இடையே தூரம் எவ்வளவு?

நம்மிடம் ஏன் தொடர் உருவாகவில்லை என்பதற்கும் இதே இடத்தில்தான் விடை இருக்கிறது. ‘ஹாலோவீ’னின் மைக்கேல் மையர்ஸுக்கு அந்த முதல் படத்தில் காரணம் கிடையாது. சிறுவனாக அக்காளைக் கொன்றான், ஏன் என்று யாருக்கும் தெரியாது. காரணம் இல்லாதவனைத் திரும்ப எழுப்பலாம். நம் கொலைகாரனுக்குக் கட்டாயம் ஒரு முன்கதை உண்டு. திலீப்புக்குச் சிறுவயது அவமானம், ‘மூடுபனி’யின் சந்துருவுக்குத் தாயின் துயரம். காரணம் சொல்லப்பட்டவுடன் கணக்கு நேராகிறது, கதை மூடப்படுகிறது. ஆனால் அந்தக் காரணத்தைச் சுமக்க நேர்வது எப்போதும் ஒரு பெண்தான். அவள் அவனை அன்று அப்படிச் செய்தாள், ஆகவே இவன் இவளை இன்று. இந்த ‘ஆகவே’தான் தமிழ்ப் படத்தின் உண்மையான கொலைக்கருவி. அமெரிக்கப் படம் நம் படத்தைவிடக் கொடூரமானது என்பார்கள். நியாயம் கற்பிக்காத அளவில் அது நாணயமானது என்று நான் சொல்வேன்.

என் அத்தை ஒருவர் ‘மூடுபனி’ ஓடினால் அறையைவிட்டுப் போய்விடுவார். பயம் அல்ல. “அந்தப் பொண்ணு போயிடுச்சேடா” என்பார். ஷோபா 1980 மே மாதம் இறந்தார். படம் அந்த ஆண்டு நவம்பரில் வந்தது. திரையில் அவர் கொலைகாரனிடமிருந்து தப்பிக்கும்போது, பார்ப்பவர்களுக்கு அவர் ஏற்கனவே இல்லாதவர். நம் விமர்சகர்கள் ஒளிப்பதிவையும் இளையராஜாவின் நூறாவது படம் என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். அத்தை சொன்னதை யாரும் எழுதவில்லை. அவர் எழுந்து போனதும் ஒரு விமர்சனம்தான். அது எந்த நாடாவிலும் கோடாக விழவில்லை.

தமிழ் சினிமா தன் ஆரம்பத்தையே தொலைத்த சினிமா. ‘கீசக வதம்’ இல்லை. 1931இன் ‘காளிதாஸ்’ இல்லை. மிஞ்சியதையாவது வைத்திருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. பிரிண்டைக் காப்பது ஆவணக் காப்பகத்தின் வேலை. அது நல்ல பிரதியைத்தான் தேடும், கோடுகளை அழித்துச் சுத்தம் செய்யும், செய்யவும் வேண்டும். ஆனால் அந்தச் சுத்தத்தில், இந்தப் படங்களை நாம் எப்படிப் பார்த்தோம் என்பதும் சேர்ந்து அழியும். படத்தின் சரித்திரத்துக்கு வட்டு போதும். பார்த்தவர்களின் சரித்திரத்துக்குத் தேய்ந்த கேஸட்தான் வேண்டும். அதனால் என் பிரதிகளைக் கணினிக்கு மாற்றும்போது கோடுகளைத் திருத்துவதில்லை. எந்த நிமிஷத்தில் தொடங்கி எந்த நிமிஷத்தில் முடிகின்றன என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். நான்கு படங்களுக்கும் இதுவரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. தமிழில் அந்தக் கொலைப்படத் தொடர் இருக்குமானால், அது அந்தப் பதினொரு பக்கம்தான்.