வைக்கோலிலிருந்து விளாச்சேரி வரை

டிசம்பர் பிறந்ததும் பரணிலிருந்து இறங்கும் கிறிஸ்துமஸ் குடிலில் யார் யார் இருப்பார்கள் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முதல் குடில் என்று கொண்டாடப்படுவதில் மாதா இல்லை, சூசையப்பர் இல்லை, ஒரு பொம்மைகூட இல்லை. 1223-ல் ரோமுக்கு வடக்கே கிரெச்சோ என்ற மலையூரில் அசிசி பிரான்சிஸ் கேட்டதெல்லாம் ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல், உயிரோடு ஓர் எருது, ஒரு கழுதை. ஊர்ப் பிரபு ஜொவான்னி ஏற்பாடு செய்தார். ஜனங்கள் தீப்பந்தங்களோடு மலையேறினார்கள். அந்த வைக்கோலைத் தின்ற ஆடுமாடுகளுக்கு நோய் தீர்ந்தது என்று சில ஆண்டுகளிலேயே எழுதியும் வைத்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த எருதும் கழுதையும் நற்செய்திகளின் பிறப்புக் கதையில் கிடையாது. எஜமானின் தொட்டியை மாடும் கழுதையும் அறியும் என்று ஏசாயா நூலில் வரும் வசனத்தைப் பிடித்துக்கொண்டு எப்போதோ உள்ளே நுழைந்தவை அவை.

பிரான்சிஸின் சபையிலிருந்து வந்த முதல் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ். அவர் காலத்தில், ஏறக்குறைய 1290-ல், ரோமின் மேரி மேஜர் பேராலயத்துக்காக, அர்னோல்ஃபோ தி காம்பியோ என்ற சிற்பி பளிங்கில் சுரூபங்களைச் செதுக்கினார். உயிருள்ள காட்சி கல்லானது. கல்லானதால் ஆண்டு முழுவதும் நின்றது, மற்றவர்கள் பார்த்துச் செய்யவும் வழி பிறந்தது.

18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸுக்குக் குடில் பைத்தியம் பிடித்தது. 1734-ல் அரசரான சார்லஸே அதில் முதல் ஆள். பொம்மையின் தலை சுட்ட மண், கண் கண்ணாடி, கையும் காலும் மரம். நடுவில் கம்பியும் அதைச் சுற்றிச் சணல் நாரும். வேண்டியபடி வளைத்து உட்கார வைக்கலாம், நிற்க வைக்கலாம். உடுத்துவது நிஜப் பட்டு. மெல்லிய துணி போர்த்திய கிறிஸ்துவைப் பளிங்கில் வடித்துப் பேர் வாங்கிய ஜுசெப்பே சம்மார்ட்டினோவே இடையர் பொம்மைகளும் செய்தார். பெத்லகேம் நேப்பிள்ஸ் தெருவாகவே மாறியது. மீன்கடை, பழக்கடை, சாராயக்கடை, மக்ரோனி தின்பவன் என்று கூட்டம் சேர்ந்து, பாலன் இயேசுவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1759-ல் சார்லஸ் ஸ்பெயினின் அரசராகப் போனார். குடில் மோகமும் கூடவே மட்ரிட் அரண்மனைக்குப் போனது. பணக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு பின்பற்றினார்கள்.

ஆஸ்திரியாவில் 1780-களில் பேரரசர் இரண்டாம் ஜோசப் கோவில்களில் குடில் வைக்கத் தடை போட, அது வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் கோவில்கள் பூட்டப்பட்டபோதும் அதுவே நடந்தது. மார்செய் நகரின் லாஞெல் என்ற கைவினைஞர் அதில் ஒரு வியாபாரத்தைப் பார்த்தார். பிளாஸ்டர் அச்சில் களிமண்ணை அழுத்தி, காயவைத்து, வண்ணம் பூசி, ஏழைக்கும் எட்டும் விலையில் விற்றார். அவர் வழி வந்தவர்களின் பொம்மைகளில் ரொட்டிக்காரரும், மீன்காரியும், சாணை பிடிப்பவரும் உண்டு. அங்கே 1803-ல் தொடங்கிய பொம்மைச் சந்தை இன்றும் கூடுகிறது.

போலந்தின் கிராக்கோவில் கட்டட வேலை ஓயும் குளிர்காலத்தில் கொத்தனார்கள் கைச்செலவுக்காகக் குடில் செய்தார்கள். மாட்டுக்கொட்டகையெல்லாம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தங்கள் நகரத்துக் கோபுரங்களையே பளபளக்கும் தாளில் கட்டி, அதற்குள் திருக்குடும்பத்தைக் குடியேற்றினார்கள். 2018-ல் யுனெஸ்கோ அந்தக் கலையை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நேப்பிள்ஸின் சான் கிரெகோரியோ அர்மேனோ சந்தில் இன்று இடையர்களுக்குப் பக்கத்திலேயே மரடோனாவும் அரசியல்வாதிகளும் விற்பனைக்கு நிற்கிறார்கள். பக்தர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். மதுரைக்கு அருகே விளாச்சேரியில் முகம் சுளிக்க ஆளிருக்காது. அங்கே நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்யும் கைகள்தான் அடுத்து கிறிஸ்துமஸ் குடில் செட்டுக்கும் மண் பிசைகின்றன. கொலுப்படியில் சாமிகளுக்குக் கீழே செட்டியார் கடை பரப்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தேவகுமாரன் பிறந்த இடத்தில் மீன்கடை வைத்தது ஒரு குற்றமாகவே படாது.