சேன் மாலோவின் மதில்கள்

பிரெஞ்சு மொழி பயிலும் புதுச்சேரிப் பிள்ளைகள் பதினால்வருக்கு வழித்துணையாகப் பிரான்சு தேசம் சென்றுவரும் வாய்ப்பு, பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே எனக்குக் கிட்டியது. பயிற்சியின் இடையே ஒரு நாள், வடமேற்குக் கரையிலுள்ள சேன் மாலோ என்னும் மதில் சூழ்ந்த நகருக்குச் சென்றோம்.

கடலை நோக்கிய பாறைமேல் அமைந்த ஊர் அது. மதிலின்மேல் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுற்றி நடக்கலாம். ஓதம் மிகும் நாட்களில் அங்கே கடல் 12 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். காலையில் மதிலை அறைந்துகொண்டிருந்த நீர், பிற்பகலில் விலகி, எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை உள்ள சிறு தீவுக்கு நடந்தே செல்ல வழிவிட்டது. பிள்ளைகள் செருப்பைக் கையிலேந்தி ஓடினர்.

லபூர்தொனே 1699-இல் பிறந்த ஊர் இதுவே. 1746-இல் அவர் சென்னையைக் கைப்பற்றினார் என்பதை நான் வகுப்பில் ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். 11 லட்சம் வராகன் பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயருக்கே திருப்பித் தர அவர் இசைந்ததும், புதுச்சேரி ஆளுநர் தூப்ளே அதனை ஏற்க மறுத்ததும் பெரும்பூசலாயின. அந்நாட்களின் நிகழ்ச்சிகளை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழில் எழுதி வைத்தார். லபூர்தொனேயோ தாயகம் திரும்பிப் பாஸ்தீய் சிறையில் அடைபட்டார். 1751-இல் குற்றமற்றவரென விடுதலை பெற்று, 1753-இல் மறைந்தார்.

இவற்றையெல்லாம் மதில்மேல் நின்று உற்சாகமாகச் சொல்லி வந்த நான், உயர்ந்த கருங்கல் வீடுகளைக் காட்டி, "இவை லபூர்தொனே சிறுவராயிருந்தபோது கண்ட வீடுகள்" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்த ஒரு மாணவி, "ஐயா, ரொட்டிக் கடைப் பாட்டியம்மாள் வேறுவிதமாகச் சொன்னார்களே. பெரும்பாலான வீடுகள் போரில் எரிந்து, பிறகு கட்டப்பட்டவையாம்" என்றாள்.

அவள் கேட்டுவந்ததே சரி. 1944 ஆகஸ்டில், செருமானியர் வசமிருந்த அந்நகர்மீது அமெரிக்கப் படையினர் குண்டு பொழிந்தனர். குண்டாலும் தீயாலும் மதிலுக்குள் இருந்த ஊரில் பத்தில் எட்டுப் பங்கு அழிந்தது. மதில் பெரும்பாலும் நின்றது. அது காக்க வேண்டிய வீடுகள் நிற்கவில்லை. போருக்குப் பின் பழைய சாயலிலேயே ஊரை மீண்டும் எழுப்பினர். ரொட்டி வாங்கப் போன இடத்தில் அப்பெண் பிரெஞ்சு மொழியில் பெற்ற பாடம், என் புத்தகப் படிப்பைத் திருத்திவிட்டது. வெட்கமும் மகிழ்ச்சியும் ஒருங்கே அடைந்தேன்.

"நம் ஊருக்கு மதில் இருந்ததா ஐயா?" என்று அவளே மீண்டும் வினவினாள். இருந்தது, 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அதனை இடித்துத் தரைமட்டமாக்கினர். இன்று நகரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலையே அம்மதில் நின்ற வழி. ஊர் திரும்பிய மறு ஞாயிறு, பதினால்வரும் நானும் அச்சாலையை ஒரு முறை சுற்றி நடந்தோம். இம்முறை நான் அதிகம் பேசவில்லை.